ஓமன் சூர்: மரக்கலம் கட்டும் ஊரைப் பார்க்க ஒரு நாள் போதுமா?

முகவை நெய்தல்:

டிசம்பர் நடுவில் மஸ்கட்டிலிருந்து சூர் போக எண்ணம். நாலு பேர், அதில் இருவர் அறுபது தாண்டியவர்கள். வாடகைக் கார். காலை 6 மணிக்குக் கிளம்பி பிம்மா பள்ளம் (தரை உள்வாங்கி நீர் தேங்கிய குழி), வாதி ஷாப், சூரில் கப்பல் கட்டும் தளம், கோட்டை, ஐஜா கலங்கரை விளக்கம், இரவு ராஸ் அல் ஜின்ஸில் ஆமை, பிறகு மஸ்கட் திரும்புவது என்று திட்டம். முக்கியமாகப் பார்க்க வேண்டியது மரக்கலம்தான், மற்றதெல்லாம் வழியில் கிடைத்தால் லாபம். இது நடக்குமா? எதை வெட்டலாம்? வெள்ளிக்கிழமை போகலாமா?

மஸ்கட்வாசி:

நடக்காது. வெட்ட வேண்டியது வாதி ஷாப். படகில் ஓடையைக் கடந்து, பாறை வழியே முக்கால் மணி நேரம் நடந்து, நீந்தி, அதே வழியில் திரும்ப வேண்டும். குறைந்தது மூன்றரை மணி நேரம் போய்விடும், பெரியவர்களின் முழங்காலும் போய்விடும். பிம்மா பள்ளம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது, அரை மணி நேரத்தில் முடிக்கலாம், அது இருக்கட்டும்.

மஸ்கட்டிலிருந்து குரியாத் வழியாகக் கடற்கரை நெடுஞ்சாலையில் சூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் இரண்டு, இரண்டரை மணி நேரம். முழுக்க நல்ல தார்ச்சாலை, சாதாரண கார் போதும். இப்ரா வழியாக உள்நாட்டுப் பாதையும் உண்டு, ஆனால் அது நீளம். பாலைவன மணல்மேட்டையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

வெள்ளிக்கிழமை வேண்டாம். வார விடுமுறை வெள்ளியும் சனியும். தளத்தில் உளிச் சத்தமே இருக்காது. வெள்ளி மதியம் தொழுகை முடியும்வரை கடைகளும் பெரும்பாலும் பூட்டியிருக்கும். ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள், காலை 9 மணிக்குள் சூரில் இருப்பதுபோல் போங்கள். மதியம் 1 மணிக்கு மேல் ஊரே அடங்கிவிடும், மறுபடி 4 மணிக்குத்தான் விழிக்கும். டிசம்பரில் சூரியன் 5.20 அளவில் மறைந்துவிடுவதால் மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம்தான். காலையை வழியிலேயே தின்றுவிட்டால் மரக்கலம் பார்க்க முடியாது.

ஏராப்பலகை:

மஸ்கட்வாசி சொன்ன நேரக்கணக்கு சரி. தளத்துக்குள் போனபின் எதைப் பார்ப்பது என்று எழுதுகிறேன். பலர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள், அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் காரணம்.

முதலில், அரபிக்கடல் மரபில் கப்பல் கட்டும் வரிசையே வேறு. ஐரோப்பியப் பாணியில் ஏராவை (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) வைத்து, வங்குக்கால்களை (விலா எலும்புபோன்ற வளைகட்டைகள்) நிறுத்தி, அதன்மேல் பலகை அடிப்பார்கள். இங்கே ஏரா, முன்கட்டை, பின்கட்டை நின்றதும் பலகைதான் முதலில். கீழிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பலகையை விளிம்போடு விளிம்பு பொருத்தி உடலின் வளைவைக் கொண்டுவந்து, அதன்பிறகே உள்ளே வங்குகளை அளந்து செதுக்கி வைப்பார்கள். வரைபடம் கிடையாது. வளைவை முடிவு செய்வது மூத்த தச்சரின் கண்ணும் சில அளவுகோல் பலகைகளும்தான். ஆகவே பாதி கட்டிய கப்பல் தளத்தில் இருந்தால் நேரே உள்பக்கம் பாருங்கள். பலகை மேலே ஏறியிருக்கும், வங்கு அடிப்பகுதியில் மட்டும் இருக்கும். அந்த நிலையில் ஒரு கலத்தைப் பார்க்கக் கிடைப்பது பெரிய பேறு.

இரண்டாவது, மரம். உடல் பலகை தேக்கு. மலபார்த் தேக்குக்காகவே சூர்க் கப்பல்கள் கோழிக்கோட்டுப் பக்கம் போய் வந்திருக்கின்றன. வங்குக்கு நேரான மரம் உதவாது. இயல்பாகவே வளைந்த கிளை வேண்டும், அப்போதுதான் மரத்தின் ரேகை வளைவோடு சேர்ந்து ஓடும். நேரான கட்டையை வளைவாக அறுத்தால் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, அலை அடிக்கும்போது அந்த இடத்தில் பிளக்கும். அதனால் உள்ளூர் இலந்தையும் கருவேலமும் வங்குக்குப் போகும். ஓரமாகக் குவிந்து கிடக்கும் கோணல் கட்டைகளை விறகு என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். அவைதான் கலத்தின் விலா எலும்புகள்.

மூன்றாவது, ஆணியும் கலப்பற்றும். தேக்கில் நேரடியாக ஆணி இறக்கினால் பலகை வெடிக்கும். முதலில் துளை போடுவார்கள். பழைய முறையில் வில்லும் கயிறும் கொண்டு சுழற்றும் துறப்பணம், இப்போது பெரும்பாலும் மின்சாரக் கருவி. ஆணித்தலைக்குக் கீழே எண்ணெயில் தோய்த்த நாரைச் சுற்றி அடிப்பார்கள், இல்லையென்றால் ஆணி வழியே நீர் கசியும். பலகைகளின் இடைவெளியில் எண்ணெய் தோய்த்த பஞ்சைத் திரியாக முறுக்கி, மழுங்கிய உளியால் அடித்து இறக்குவதுதான் கலப்பற்று. கலம் நீரில் இறங்கியதும் பலகை ஊறிப் பெருத்துத் திரியை இறுக்கிக்கொள்ளும். புதிதாக இறக்கிய கலம் முதல் சில நாள் கசிவது இயல்பு. மாறாக, நீண்ட நாள் கரையில் காய்ந்த கலத்தில் பலகை சுருங்கிக் கலப்பற்று தளர்ந்துவிடும். அதைத் திரும்ப அடிக்காமல் கடலில் இறக்கினால் மூழ்கும்.

நீர்மட்டத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு பூச்சைப் பார்த்தால் அது சுண்ணாம்பும் மிருகக் கொழுப்பும் கலந்த பழைய முறைப் பூச்சு. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவைத் தடுக்க அது. மேல்பகுதிக்கு மீனெண்ணெய், குறிப்பாகச் சுறா எண்ணெய். வாசனை கடுமையாக இருக்கும்.

முகவை நெய்தல்:

மிக்க நன்றி ஏரா அண்ணே. சூர்க் கப்பல்கள் ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்தவை என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்களே, அதுவும் அங்கே பார்க்கக் கிடைக்குமா?

பழைய வரைபடம்:

இதில் இரண்டு காலம் குழம்பிப் போகிறது, பிரித்துச் சொல்கிறேன்.

இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் கயிற்றால் தைத்த கலங்கள்தான் பழைய மரபு. மார்க்கோ போலோ ஹொர்முஸில் பார்த்துவிட்டு, ஆணியில்லாத இந்தக் கலங்கள் ஆபத்தானவை என்று எழுதியிருக்கிறார். போர்ச்சுக்கீசியர் வந்தபின், 16ஆம் நூற்றாண்டிலிருந்து, பெரிய கலங்களுக்கு ஆணி பரவியது. சூரில் நீங்கள் பார்க்கப்போகும் பெரிய கலம் எல்லாம் ஆணி அடித்தவை. தையல் சிறிய கரையோரப் படகுகளில்தான் நீண்ட காலம் தங்கியது.

தைத்த பெருங்கலம் ஒன்று சூரிலேயே கட்டப்பட்டது உண்மை, ஆனால் அது 1980இல். டிம் செவெரின் என்ற கடலோடி பழைய முறைப்படி கட்டச் செய்த ‘சோஹார்’. பலகைக்குக் கேரளத்து அயினி மரம், தைக்கத் தென்னங்கயிறு ஏறத்தாழ 400 மைல் நீளம், தைத்தவர்கள் லட்சத்தீவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு 1981இல் சீனாவின் கான்டன் போய்ச் சேர்ந்தது. அந்தக் கலம் இப்போது சூரில் இல்லை. மஸ்கட்டில் அல் புஸ்தான் வட்டச்சாலையின் நடுவில் நிற்கிறது. சூர் போவதற்கு முந்தைய நாள் அதைப் பார்த்துவிடுங்கள். பலகை விளிம்பில் வரிசையாக ஓடும் தையலை மனதில் வைத்துக்கொண்டு சூர்க் கலங்களின் ஆணித்தலை வரிசையைப் பார்த்தால் இரு மரபுகளின் வேறுபாடு உடனே பிடிபடும்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு ஆர்வம் இருக்க வேண்டும். மரம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து, கயிறு தென்னந்தோப்பிலிருந்து, கைகள் தீவுகளிலிருந்து. ஓமன் கரையில் பெரிய மரம் வளரவில்லை, ஆனால் காற்றும் துறையும் மாலுமிகளும் இருந்தார்கள். சூர் என்ற ஊரே இந்தக் கொடுக்கல் வாங்கலில் நின்றதுதான்.

ஓதம்:

ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். பழைய படங்களில் பத்துக் கலங்கள் ஒரே நேரத்தில் எழும்புவதைப் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றமாக இருக்கும். இன்று தளத்தில் புதுக் கலம் எப்போதாவதுதான். பழுதுபார்ப்பு, அலங்காரக் கலங்கள், மாதிரிக் கப்பல் செதுக்கும் பட்டறை, இவைதான் அன்றாடம். வேலை செய்பவர்களில் பலர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்கள். மலையாளமோ இந்தியோ கொஞ்சம் தெரிந்தால் மரத்தின் பெயர், பலகைக் கனம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பலகை அடிக்கும் நேரத்தில் குறுக்கே போகாமல், தேநீர் இடைவேளையில் கேளுங்கள். தரையில் ஆணியும் சிராயும் கிடக்கும், செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள்.

மீனவர் ஊர் என்பதை யாரும் சொல்லவில்லை. மீன் சந்தைக்குக் காலையில் சீக்கிரமே போக வேண்டும். வெயில் ஏறினால் நல்ல மீன் போய்விடும். நெய்மீன், கேரை, சூரை, மத்தி, சுறா எல்லாம் வரும். நெய்மீனுக்கு ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை ஓமனில் பிடி தடை, டிசம்பரில் தாராளமாகக் கிடைக்கும். கல்இறால் அப்படி இல்லை. அதன் பருவம் மார்ச், ஏப்ரல் மட்டும். டிசம்பரில் புதுக் கல்இறால் என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள்.

இன்று மீன்பிடிப்பது பெரும்பாலும் கண்ணாடி நாரிழைப் படகில், வெளியே பூட்டும் எந்திரத்தோடு. மரக்கலம் கட்டும் தொழில் ஏன் சுருங்கியது என்பதற்கு அந்தப் படகு வரிசையே பதில்: கலப்பற்று வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து மணலில் இழுத்துவிடலாம்.

ஏராப்பலகை:

ஓதம் சொல்வது நியாயம். அதனால்தான் ‘ஃபத் அல் கைர்’ கலத்தைத் தவறவிடக் கூடாது என்கிறேன். தளத்தில் கலமே இல்லாத நாளிலும் அது இருக்கும். 1951இல் சூரிலேயே கட்டிய கன்ஜா வகைக் கலம், 300 டன் அளவு. ஊரைவிட்டுப் போய் ஏமனில் இருந்ததை 1993இல் ஊரார் பணம் திரட்டி வாங்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது கழிமுகக் கரையில் காட்சிக்கு நிற்கிறது.

அதைச் சுற்றிவரும்போது கவனிக்க வேண்டியவை: அணியத்தின் (கலத்தின் முன்முனை) உச்சியில் மூவிதழ்ப் பூப்போன்ற செதுக்கல், அதுதான் கன்ஜாவின் அடையாளம். பின்புறம் தட்டையாக வெட்டிய பலகை முகம், அதில் பூவேலைச் செதுக்கல், சிறு சன்னல்கள். கட்ச் கரையின் கோட்டியாக் கலத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடன்பிறப்பு என்று உடனே தெரியும்.

மற்ற வகைகளைப் பிரித்தறிய இரண்டு கேள்வி போதும். பின்புறம் கூர்மையா, தட்டையா? முன்கட்டை நேராக நீள்கிறதா, வளைகிறதா? இரு முனையும் கூர்மை, முன்கட்டை நேராக நீண்டு சரிந்தால் பூம். பின்புறம் தட்டை, முன்கட்டை வாள்போல வளைந்து வெட்டுப்பட்டு நின்றால் சம்பூக். பின்புறம் தட்டை, உடல் பெரிது, செதுக்கல் நிறைய, ஆனால் மூவிதழ் இல்லை என்றால் பகலா. மாதிரிக் கப்பல் வாங்குபவர்களும் இதைப் பார்த்து வாங்குங்கள். கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சொல்லுவார்கள், பூமின் முன்கட்டையையும் சம்பூக்கின் பின்புறத்தையும் ஒட்டிய பொம்மையும் உண்டு.

மஸ்கட்வாசி:

தம்பி முகவை, பெரியவர்கள் இருப்பதால் ஐஜா பற்றி ஒன்று. சூரின் கழிமுகம் கோர் அல் பதா. மேற்குக் கரையில் தளமும் ஊரும், கிழக்குக் கரையில் ஐஜா. நடுவில் தொங்குபாலம், 2009இல் வந்தது. நடந்தும் கடக்கலாம், காரிலும் கடக்கலாம். கோட்டைக்கு ஏறுவதாக இருந்தால் சுனைசிலாவில் படியும் சரிவும் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருக்கட்டும். ஐஜாவில் கலங்கரை விளக்கம் வரை சமதளம்தான், கடலோரமாகவே நடக்கலாம்.

வெளிச்சக் கணக்கு: மாலையில் சூரியன் மேற்கே இருப்பதால் வெள்ளை வீடுகளும் கலங்கரை விளக்கமும் சூர்க் கரையிலிருந்து பார்த்தால் பொன்னாகத் தெரியும். காலையில் ஐஜாவிலிருந்து சூர்ப் பக்கம் எடுங்கள். மாற்றி எடுத்தால் படம் முழுக்க நிழல்.

ஐஜா குறுகிய தெருக்கள் உள்ள குடியிருப்பு. வாசலில் நிற்கும் பெண்களைப் படமெடுக்கவே கூடாது, ஆண்களானாலும் கேட்டுவிட்டு எடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை. டிரோன் கொண்டுபோகாதீர்கள், அதற்கு முன்அனுமதி வேண்டும்.

ஓதம்:

அதோடு நீர்மட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கழிமுகம் ஆழமற்றது. வற்றத்தில் பாதி சேறாகத் தெரியும், படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். ஏற்றத்தில் கண்ணாடிபோல் நிரம்பும். அழகான படத்துக்கு ஏற்றம். கலத்தின் அடிவயிறு, ஏரா, பூச்சு எல்லாம் பார்க்க வேண்டும் என்றால் வற்றம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் வேறுபாடு பெரிது, அட்டமி ஒட்டிச் சிறிது. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்குமேல் தள்ளிப்போகும். போவதற்கு முன் சூருக்கான அட்டவணையைப் பார்த்து, வற்றம் காலை என்றால் முதலில் கரை, பிறகு தளம் என்று வரிசையை மாற்றுங்கள்.

முகவை நெய்தல்:

ஆமையை என்ன செய்வது? அதையும் வெட்டவா?

பழைய வரைபடம்:

ஒரே நாளில் திரும்புவதாக இருந்தால் வெட்டுங்கள். ராஸ் அல் ஜின்ஸ் போக சூரிலிருந்து ஒரு மணி நேரம், வழிகாட்டியோடு இரவு ஒன்பது மணி அளவில் ஒரு சுற்று, விடியலுக்கு முன் ஒரு சுற்று. இரவுச் சுற்று முடிந்து மஸ்கட்வரை ஓட்டுவது ஆபத்து, அந்தப் பகுதியில் ஒட்டகமும் ஆடும் விளக்கில்லாத சாலையில் குறுக்கே வரும். மேலும் பேராமை ஆண்டு முழுவதும் கரையேறினாலும் அதிகம் வருவது மே முதல் செப்டம்பர் வரை. டிசம்பரில் சில இரவுகளில் ஒன்றுகூட வராமல் போகலாம். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமல் கடலுக்குத் திரும்பிவிடும் என்பதால் கைப்பேசி விளக்குக்கும் தடை.

ஆனால் ஒரு இரவு சூரில் தங்கினால் ராஸ் அல் ஜின்ஸைப் பகலிலும் பாருங்கள். காரணம் ஆமையல்ல, அங்குள்ள அருங்காட்சியகம். அந்தக் கரையில் நடந்த அகழாய்வில் நிலக்கீல் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஒரு பக்கம் நாணல் கட்டும் கயிறும் பதிந்த தடம், மறு பக்கம் கொட்டலசு (கலத்தின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டிய தடம். அதாவது நாணல் கலத்தின் வெளிப்புறத்தில் பூசிய கலப்பற்று, கழற்றி மறுபடி உருக்க எடுத்து வைத்தது. காலம் ஏறத்தாழ பொ.ஆ.மு. 2500 முதல் 2100. அதே இடத்தில் சிந்துவெளிப் பானையோடும், சிந்து எழுத்துள்ள முத்திரையும், தந்தச் சீப்பும் கிடைத்தன. சூர்த் தளத்தில் பஞ்சுத்திரி அடிப்பதைப் பார்த்த மறுநாள், நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய கலப்பற்றைப் பார்க்கலாம். கப்பலுக்காகப் போகிறவர் இதை விடலாமா?

நாஞ்சில் கரை:

ஊரின் இருண்ட பக்கத்தையும் யாராவது எழுதியிருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் சூர்க் கலங்கள் சான்சிபார்க் கரையிலிருந்து கிராம்பு, கண்டல்மரக் கழிகளோடு அடிமைகளையும் ஏற்றி வந்தன. அழகான கலம் என்று பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழைய வரைபடம்:

ஆம், அதை மறைத்தால் சூரின் வரலாறு அரைகுறைதான். கூடவே ஒன்று. பிரிட்டிஷ் கடற்படை சோதனையிலிருந்து தப்ப, சூர்க் கப்பல் உரிமையாளர்கள் பலர் பிரெஞ்சுக் கொடியும் சீட்டும் வாங்கினார்கள். அது பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் பெரிய வழக்காகி, ஹேக் நடுவர் மன்றம் 1905 ஆகஸ்ட் 8இல் தீர்ப்பளித்தது. 1892 ஜனவரிக்குப் பிறகு கொடி வழங்கும் பிரான்சின் உரிமை மிகவும் சுருக்கப்பட்டது. நீராவிக் கப்பல், 1861இல் சான்சிபார் மஸ்கட்டிலிருந்து பிரிந்தது, இந்தக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்துதான் ஊரின் கடல் வணிகத்தைத் தளர்த்தின. ஆனாலும் பாய்க்கலங்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஓடின. வடகிழக்குக் காற்றில் ஆப்பிரிக்கா, தென்மேற்குக் காற்று தொடங்கும்போது திரும்புதல். ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிக்கும், அப்போது கலம் கரையில். பழுதுபார்ப்புக் காலம் அதுதான்.

போகும் வழியில் கல்ஹாத் வரும், சூருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம் முன்னால். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய துறைமுக நகரம். 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா சூரிலிருந்து அங்கே கால்நடையாகப் போயிருக்கிறார். 1508இல் போர்ச்சுக்கீசியத் தளபதி அல்புகெர்க் எரித்தபின் துறை சூருக்கும் மஸ்கட்டுக்கும் நகர்ந்தது. பீபி மர்யம் கல்லறை மண்டபம் மேட்டில் தனியே நிற்கும்.

முகவை நெய்தல்:

சரி, மாற்றிவிட்டேன். செவ்வாய் காலை 5.30க்குக் கிளம்பி நேரே சூர். 8 மணிக்கு மீன் சந்தை, 9 முதல் தளம், பிறகு ஃபத் அல் கைர். மதியம் ஓய்வு. 3.30க்கு ஐஜா போய் நடந்துவிட்டு, 4.45க்குப் பாலம் கடந்து சூர்க் கரைக்குத் திரும்பி வெளிச்சம் பார்ப்பது. இரவு சூரில் தங்கல். புதன் காலை ராஸ் அல் ஜின்ஸ் அருங்காட்சியகம், திரும்பும்போது பிம்மா. சோஹார் கலம் திங்கள் மாலை மஸ்கட்டில். சரியா?

மஸ்கட்வாசி:

சரி. சில குறிப்புகள். சூரில் காருக்குப் பெட்ரோல் நிரப்பிவிட்டு ராஸ் அல் ஜின்ஸ் போங்கள், அந்தப் பக்கம் நிலையங்கள் குறைவு. நெடுஞ்சாலையில் வேக வரம்பு 120, கேமரா நிறைய. டிசம்பரில் மலைப்பக்கம் மழை பெய்தால் ஓடைகள் திடீரென்று சாலைமேல் ஏறும். குரியாத்துக்கும் சூருக்கும் நடுவே ஓடைகள் பல, 2007 ஜூன் கோனு புயலில் இந்தக் கரைச் சாலையே பெயர்ந்தது. ஓடும் நீரில் காரை இறக்காதீர்கள், காத்திருந்தால் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

ஏராப்பலகை:

தளத்துக்கு ஒரு சின்ன டார்ச் கொண்டுபோங்கள். கலத்தின் உள்பக்கம் பட்டப்பகலிலும் இருட்டு, வங்குக்கும் பலகைக்கும் இடையே ஆணி மடங்கியிருப்பதை வெளிச்சம் இல்லாமல் பார்க்க முடியாது. ஏறுவதற்கு முன் அங்குள்ள தச்சரிடம் கேளுங்கள். முட்டுக்கட்டையில் மட்டும் நிற்கும் கலத்தில் ஒரே பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து ஏறக் கூடாது.